உன் கையிடம் நீ சொல்வது

அன்பு மகன் சேகருக்கு, மைசூரிலிருந்து அம்மா எழுதுவது.

முதலில் பிள்ளைகளின் சேதியைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எனக்கு வேறு எதுவும் ஓடாது. உன் அக்கா மகள் நித்யாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. காலேஜுக்கே வந்து ஆள் எடுத்தார்கள். மூன்றாவதாக வந்த கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. அவள் தம்பி பிரவீணை நஞ்சன்கூடு ஃபாக்டரியில் நிரந்தரம் பண்ணிவிட்டார்கள். இப்போது ஒரு மெஷினையே தனியாகப் பார்த்துக்கொள்கிறான். சாப்பாட்டு டப்பாவை மட்டும் இன்னும் மறந்துவிட்டுப் போகிறான். உன் மகள் இஞ்சரா ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கிய வீடியோவை என் மருமகள் ரேகா அனுப்பியிருந்தாள். இஸ்திரிக்குத் துணி கொண்டுவருகிற எல்லோருக்கும் அதைக் காட்டினேன். எதிர்வீட்டு பேங்க் அம்மா, “நேத்தே காட்டினீங்களே அஜ்ஜி” என்றார். “இன்னிக்கும் அவதானேம்மா ஓடுறா” என்றேன்.

இந்த வரிசையில் கடைசியாக உன்னைச் சொல்லி முடிப்பதுதான் என் வழக்கம். பேரப்பிள்ளைகளைச் சொல்லிவிட்டு, “இவங்களுக்கெல்லாம் மேல என் மகன். ஹுப்பள்ளியில பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கிறான். அவன் குத்தினா எறும்பு கடிச்ச மாதிரிகூடத் தெரியாது” என்பேன். போன வாரம் ஒரு புது வாடிக்கைக்காரரிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன். எறும்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியில் கரி அணைகிறது என்று சொல்லித் திரும்பிக்கொண்டேன். கரி நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு பேச்சைத் தொடங்கினால் நீ “சரிம்மா, சரிம்மா, ஆய்த்தும்மா” என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது; வைத்தாலும் மேசையிலேயே கிடக்கும். நீ கன்னடம் படிக்கிற வேகத்தில் தமிழ் படிக்க மாட்டாய், தெரியும். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படி. ஐந்தாவதோடு நின்றவள் நான். நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். இஸ்திரி வண்டிப் பலகையில் துணிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு பத்தி எழுதுவதற்குள் எழுந்துவிடுகிறேன். கரியை விசிறுகிறேன், மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடிக்கிறேன், தெருமுனை வரை போய்விட்டு வருகிறேன். மனசு ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

நடந்ததை ரேகா சொன்னாள். அவள் மேல் கோபப்படாதே. காய்ச்சலோடு ஒரு சின்னக் குழந்தை வந்தது. நரம்பு பிடிபடவில்லை. நீ குத்தினாய், தப்பியது. மறுபடி குத்தினாய், மறுபடியும் தப்பியது. குழந்தை அலறியது. அதன் அப்பா உன் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினார். மூத்த சிஸ்டர் வந்து எடுத்துக் கொடுத்தார். குழந்தை குணமாகி வீட்டுக்குப் போய்விட்டது. அந்த அப்பா அதை மறந்தும் இருப்பார். நீ மறக்கவில்லை. மறுநாள் ஒரு பெரியவருக்குத் தப்பியது. அதற்குப் பிறகு ஊசியைக் கையில் எடுத்தாலே நடுங்குகிறது என்று ரேகா சொன்னாள். “அத்தே, சாப்பிடறப்போகூட இவரு கையையே பாத்துக்கிட்டிருக்காரு” என்றாள். இப்போது நீ ஊசியே வேண்டாம், ரத்தக் குப்பிகளுக்குப் பேர் ஒட்டுகிற இடத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்டிருக்கிறாய். திங்கட்கிழமை மத்தியானம் முடிவாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார்களாம்.

நான் உடனே உனக்குப் போன் பண்ணினேன். நீ சொன்னது இதுதான்: “அம்மா, என் கைராசி போயிடுச்சும்மா. அவ்வளவுதான்.”

அன்றைக்கு நான் தேய்த்த சட்டைகளில் ஒன்றுக்குக்கூடக் காலர் சரியாக வரவில்லை. வேலை கஷ்டமாக இருக்கிறது என்று நீ சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கைராசி என்கிற சொல் உன் வாயில் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். நீ அதை ஆஸ்பத்திரியில் கற்றுக்கொள்ளவில்லை. இந்த வண்டியடியில் கற்றுக்கொண்டாய்.

நீ நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து காலையில் முதல் துணியை உன் கையால்தான் எடுத்துத் தரச் சொல்வார் உன் அப்பா. நீ மூட்டைக்குள் கையை விட்டு, கிடைத்ததை இழுத்துக் கொடுப்பாய். ஒரு நாள் பாவாடை நாடா மட்டும் வந்தது, அதையும் தேய்த்தார். அன்றைக்கு மூட்டை மூட்டையாகத் துணி வந்தது. அவ்வளவுதான், தெருவே உன்னைப் பிடித்துக்கொண்டது. புது வீட்டில் பால் காய்ச்சினால் அடுப்பை நீ பற்றவைக்க வேண்டும். கடை திறந்தால் முதல் சாமான் உன் கையால் வாங்க வேண்டும். தையல்காரர் புது மெஷின் வாங்கியபோது முதல் தையலுக்கு உன்னைத் தூக்கி உட்காரவைத்தார். உன் கால் மிதிக்கு எட்டவில்லை. “கைராசிக்காரன் எங்கம்மா?” என்று வீட்டு வாசலில் வந்து கேட்பார்கள். எனக்கு அது இனித்தது. உனக்குத் தலைவாரி, பவுடர் போட்டு அனுப்புவேன்.

அப்புறம் நம் தெரு செல்வராஜ் புது ஆட்டோ எடுத்தார். உன் கையால் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். கொஞ்ச நாளில் மண்டி மொஹல்லா சந்தில் வெங்காய வண்டி மேல் மோதிக் கால் முறிந்து படுத்துவிட்டார். அவர் பெண்டாட்டி கனகா தண்ணீர்க் குழாயடியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“ராசிக் கை ராசிக் கைன்னு தலையில தூக்கி வச்சு ஆடினீங்களே. இப்ப பாருங்க, என் புருஷன் படுத்துக் கெடக்கிறாரு.”

நான் சும்மா இருப்பேனா? “உன் புருஷன் தூங்கி வழிஞ்சுக்கிட்டு ஓட்டினா என் பையன் கை என்னடி பண்ணும்? வெங்காய வண்டியை இவனா கொண்டுபோய் நடுவுல நிறுத்தினான்?”

“கை நல்லா இருந்தா வண்டி நல்லா ஓடியிருக்கும்.”

“போன மாசம் ரெண்டாவது பிள்ளை பொறந்துச்சே, அதுக்கும் இவன் கைதான் காரணமா? அதுக்கு மட்டும் உன் புருஷன் தெறமையா?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு கௌரம்மா என் குடத்தை வாங்கிக்கொண்டு, “ஹோகலி பிடி அக்கா, விடுங்க” என்று என்னை இழுத்துவந்தார். சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பினால் நீ சின்னக் குடத்தோடு எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். நான் பேசியது எதுவும் உன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. கனகா சொன்னது மட்டும் ஏறியிருந்தது. மறுநாள் காலையில் மூட்டையை உன் முன்னால் வைத்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். “நீயே எடுத்துக்கோம்மா” என்றாய்.

கைராசி என்று தெரு சொன்னபோது வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதனால் ராசி இல்லை என்று தெரு சொன்னபோது அதையும் மறுக்க எங்களுக்கு வழியில்லாமல் போனது. இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தன. இதை யோசித்துக்கொண்டேதான் இரண்டு நாளாக நடந்துகொண்டிருக்கிறேன்.

இரு, மழை தூறுகிறது. வண்டிக்கு மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். இந்தத் தார்ப்பாயில் தீப்பொறி பட்டுக் கருகின ஓட்டையைப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. நீ அப்போது கைக்குழந்தை. எனக்கு முதல்முதலாகப் பட்டுப் புடவை தேய்க்க வந்தது. மைசூர்ப் பட்டு, கல்யாணப் பெண்ணுடையது. அதுவரைக்கும் பட்டை உன் அப்பாதான் தேய்ப்பார். அன்றைக்கு அவர் கரி வாங்கப் போயிருந்தார். நான் பெட்டியை எடுத்தேன். வாய்க்குள் “கருக்கிடாதே, கருக்கிடாதே” என்று சொல்லிக்கொண்டே தேய்த்தேன். ஜபம் மாதிரிச் சொன்னேன். கருகிவிட்டது. உள்மடிப்புக்குப் போகிற இடம்தான், கட்டை விரல் அகலம்தான். பெண்ணின் அம்மா அதை விரித்துப் பார்த்து, மடித்து எடுத்துக்கொண்டு போனார். அடுத்த முறையிலிருந்து அவர்கள் வீட்டிலிருந்து பருத்தித் துணி மட்டும்தான் வந்தது.

உன் அப்பா வந்து பார்த்துவிட்டு என்னைத் திட்டவில்லை. “தேய்க்கிறப்போ என்னமோ முணுமுணுப்பியே, என்ன சொன்னே பாப்பா?” என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். “கருகறதையே நெனச்சுக்கிட்டுக் கையை நிறுத்திட்டே. கருக்காதேன்னு சொன்னா கைக்கு என்ன தெரியும்? அது என்ன செய்யணும்னு சொல்லு. நகருன்னு சொல்லு” என்றார். தனக்கு மட்டும் அவர் சொல்லிக்கொள்ளவே இல்லை. பீடியை விடுகிறேன் விடுகிறேன் என்று எங்களிடம் சொல்லிச் சொல்லியே கடைசி வரை பிடித்தார். ஆனால் பட்டு விஷயத்தில் அவர் சொன்னது சரி. அன்றிலிருந்து பட்டு வந்தால் நான் எனக்கே சொல்லிக்கொள்வேன்: “பாப்பா, நகரு. பாப்பா, லேசா.” கை போய்விடும். பயம் போகாது. பயம் ஒரு பக்கம் நிற்கும், கை அதன் பாட்டுக்குப் போகும். உன் அப்பா போன பிறகு என்னைப் பாப்பா என்று கூப்பிட நான் ஒருத்திதான் மீதி. தெருவில் போகிறவர்கள், கிழவி தனக்குத்தானே பேசுகிறாள் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

உனக்கு ஏன் இந்தப் பட்டுக் கதை என்கிறாயா? நீ வேலையில் சேர்ந்த புதிதில் நான் ஹுப்பள்ளிக்கு வந்தேன். என் சர்க்கரையைப் பார்க்க நீயே ரத்தம் எடுத்தாய். என் நரம்பு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். இங்கே லேபில் இருக்கிற பெண் தடவித் தடவிப் பார்த்து, “அஜ்ஜி, இப்பத்தான் இங்க இருந்துச்சு, எங்க ஓடிப்போச்சு?” என்று கேட்பாள். நீ ரப்பரைக் கட்டினாய், விரலால் தொட்டாய். முகமூடிக்குள் உன் வாய் அசைந்தது. நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது. “நிதானா… நிதானா… இல்லே இதெ… பா” என்றாய். மெதுவாக, இங்கேதான் இருக்கிறாய், வா என்று கன்றுக்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி என் நரம்பைக் கன்னடத்தில் கூப்பிட்டாய். நீ தமிழில் சாப்பிடுகிறாய், தமிழில் சண்டை போடுகிறாய். வேலையில் உனக்குள்ளே பேசுவது கன்னடத்தில் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஊசி போனது தெரியவில்லை. நான் ஊருக்கு வந்து எறும்புக் கதையைச் சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதிலும் ஒன்றை விட்டுவிட்டுச் சொன்னேன். கைராசி என்று சொன்னேன். நீ உன் கைக்கு வழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அதனால்தான் நேற்று உனக்கு மறுபடி போன் பண்ணி அந்தக் கேள்வியைக் கேட்டேன். நீ எரிச்சல்பட்டாய்.

“ஊசி எடுக்கிறப்போ மனசுக்குள்ள என்னடா சொல்லிக்கிறே?”

“என்னம்மா கேள்வி இது? ஒண்ணும் சொல்றதில்ல.”

“சும்மா சொல்லு.”

“டூட்டி இருக்கும்மா.”

“சொல்லிட்டுப் போ.”

உனக்குப் பின்னால் யாரோ டிராலி தள்ளிக்கொண்டு போனார்கள். அப்புறம் சொன்னாய்: “தப்பிடும், தப்பிடும்னு ஓடுதும்மா.”

நான் உடனே போனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். இல்லை. எனக்குக் கருகின பட்டு வாசனை வந்தது.

உடனே நீ, “அப்படின்னா நான்தான் பெரிய ஆளுன்னு சொல்லிக்கிட்டா சரியாயிடுமா?” என்று கேட்பாய். ஆகாது. அதையும் இந்த வீட்டில் பார்த்துவிட்டோம். நித்யா இன்டர்வியூவுக்கு முன்னால் ஒரு கிளாஸுக்குப் போனாள். அங்கே தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, “என்னால் முடியும், நான்தான் முதல்” என்று உரக்கச் சொல்லச் சொன்னார்களாம். இங்கே வந்து தங்கியிருந்தபோது அவள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து, “யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். “கண்ணாடி என்னடி பதில் சொல்லுது?” என்று கேட்டேன். “கிண்டல் பண்ணாதீங்க பாட்டி” என்றாள். முதல் கம்பெனியில் முதல் கேள்விக்கே தடுமாறி, வெளியே வந்து அழுதாள். முதல் என்று அத்தனை நாள் சொன்னதால் தடுமாறியதும் ரொம்பக் கீழே விழுந்துவிட்டாள் போலிருக்கிறது. மூன்றாவது கம்பெனிக்குப் போய் வந்ததும், இந்தத் தடவை என்ன சொல்லிக்கொண்டாய் என்று ஆசையாகக் கேட்டேன். “ஒண்ணும் சொல்லல பாட்டி. ரொம்பப் பசி. சீக்கிரம் முடிஞ்சா கேன்டீனுக்குப் போகலாம்னு நெனச்சேன்” என்றாள்.

ஆகையால் எல்லாம் பேச்சிலேயே இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. குழந்தையின் நரம்பு எத்தனை கெட்டிக்காரனுக்கும் சில நாள் கிடைக்காது; அந்த சிஸ்டருக்கும் எத்தனையோ நாள் தப்பியிருக்கும், அவர் அதை வீட்டுக்குத் தூக்கிப் போயிருக்க மாட்டார். உன் கையில் ராசியும் இருந்ததில்லை, ராசி போகவும் இல்லை. பழகின கை இருக்கிறது. அந்தக் கையிடம் இத்தனை வருஷம் “இங்கேதான் இருக்கிறது, மெதுவா” என்று சொன்னாய். ஒரு மாதமாகத் “தப்பிடும்” என்கிறாய். நீ சொல்வதை அது கேட்கிற கை. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஊரார் சொன்னதைக்கூட நீ எடுத்து உன் கைக்குச் சொன்ன பிறகுதான் அது பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

இன்னொன்று. உனக்கு உண்மையாகவே அலுத்துவிட்டது, காலை முழுக்க அடுத்தவர் அழுகையைக் கேட்க முடியவில்லை, உட்கார்ந்து பேர் ஒட்டுகிற வேலை போதும் என்றால், மாறிக்கொள். அதுவும் வேலைதான். நான் வாடிக்கைக்காரர்களிடம் அதையும் பெருமையாகவே சொல்வேன். எனக்குச் சொல்லத் தெரியும். ஆனால் கனகா குழாயடியில் சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்டு மாறாதே. அவளே அதை எப்போதோ விட்டுவிட்டாள். செல்வராஜ் அதே ஆட்டோவை ரொம்ப வருஷம் ஓட்டி, அந்த வருமானத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் கல்யாணம் பண்ணினார். பத்திரிகை வைக்க வந்தபோது கனகா கேட்டாள், “கைராசிக்காரப் பையன் எப்படி இருக்கான் அக்கா?” என்று. அவள் மறந்துவிட்டாள், சேகர். நீ ஒருத்தன்தான் அந்த வார்த்தையை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறாய்.

இப்போது நான் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்கிறேன். டாக்டர் சர்க்கரை பார்க்கச் சொல்லிச் சீட்டுக் கொடுத்து நாளாகிவிட்டது; இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். பிரவீண் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் எனக்கு டிக்கெட் போட்டுவிட்டான். திங்கட்கிழமை காலையில் உன் ஆஸ்பத்திரிக்கு நேராக வருவேன். ரயிலில் காபிகூடக் குடிக்க மாட்டேன். வெறும் வயிற்றோடு வந்து, சீட்டு வாங்கி, எல்லோரையும் போல வரிசையில் உட்காருவேன். என் முறை வந்ததும் உன் முன்னால் கையை நீட்டுவேன். நீ முடிவு சொல்ல வேண்டியது மத்தியானம்தானே? அதற்குள் என் வேலையை முடித்துக் கொடு.

இதில் ராசி பார்க்க நான் வரவில்லை. தப்பலாம். என் நரம்பு ஓடுகிற நரம்பு. தப்பினால் மறுபடி குத்து, அதுவும் தப்பினால் அடுத்த கையைத் தருகிறேன். நான் கத்த மாட்டேன். என் கையில் பெட்டி சுட்ட தழும்பு எத்தனை என்று நீயே பார்த்திருக்கிறாய். ஒரு ஊசியா எனக்குப் பெரிது? ஒன்று மட்டும் கேட்பேன். முகமூடிக்குள் நீ என்ன சொல்கிறாய் என்று எனக்குக் கேட்க வேண்டும். கன்னடத்திலேயே சொல்லு. முடிந்த பிறகு உன் முடிவை உன் இஷ்டப்படி போய்ச் சொல். இட்லி வாங்கிக் கொடு, நான் சாயங்கால வண்டியில் திரும்பிவிடுவேன். நித்யாவின் துணிமூட்டை இங்கே கிடக்கிறது. வேலைக்குப் போகிறவளுக்குக் கசங்காத சுடிதார் வேண்டாமா?

கடைசியாக ஒன்று. வண்டிப் பலகைக்கு மேல் உன் பழைய போட்டோ இருக்கிறதே, யாரோ ஒரு வாடிக்கைக்காரர் எடுத்துக் கொடுத்தது, நீ மூட்டையிலிருந்து முதல் துணியை இழுத்து அப்பாவிடம் நீட்டுகிறாய். ஆவியும் புகையும் பட்டு அது மஞ்சளாகிவிட்டது. உன் முகம் சரியாகத் தெரியவில்லை. நீட்டின கை மட்டும் தெரிகிறது. அதற்குப் பதிலாக வைக்க, நீ கொஞ்ச நாளாக அனுப்பிய படங்களையெல்லாம் பிரவீண் போனில் பெரிதாக்கிக் காட்டினான். இஞ்சரா பிறந்தநாளில் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டிருக்கிறாய். கோயில் வாசலில் பின்னால் கட்டியிருக்கிறாய். கோப்பையோடு எடுத்ததில் அவளை முன்னால் நிறுத்தி அவள் முதுகுக்குப் பின்னால் மறைத்திருக்கிறாய். நீ அறியாமல்தான் செய்திருப்பாய். எனக்குப் பார்த்ததும் தெரிந்தது.

அதனால், நான் வந்துவிட்டுப் போன பிறகு, ஸ்டுடியோவுக்குப் போய்ப் புதிதாக ஒரு போட்டோ எடு. ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டோடும் எடுக்கலாம், சாதாரணச் சட்டையோடும் எடுக்கலாம். நீ எந்த வேலையில் இருந்தாலும் சரி. போனில் அனுப்பாதே, அது உள்ளே எங்கேயோ போய் ஒளிந்துகொள்கிறது. காகிதத்தில் போட்டு, அட்டை வைத்து, மடங்காமல் தபாலில் அனுப்பு. வண்டியில் மாட்டி வருகிறவர்களுக்கெல்லாம் காட்ட வேண்டும். சிரிப்பதும் சிரிக்காததும் உன் இஷ்டம். கை இரண்டும் தெரிய வேண்டும்.

உன் அம்மா